மினிடிஸ்க்கிலிருந்து கணினிக்கு டிஜிட்டலாகவே ஏற்ற: சிஎம்ஐ8738 கார்டில் எஸ்பிடிஃப் இன் சேர்ப்பது எப்படி?

பேட்டை_மைக்செட்:

எல்லாருக்கும் வணக்கம். கொடை விழாக்களில் மைக்செட் மிக்சரிலிருந்து நேராகப் பிடித்த வில்லுப்பாட்டு, 43 மினிடிஸ்க்கிலும் 6 டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) கேசட்டிலும் இருக்கு. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை, இசக்கியம்மன் கதை எல்லாம் விடிய விடியப் பாடினது. வேற பிரதி கிடையாது. அதனால ஹெட்போன் ஜாக்கிலிருந்து லைன் இன்னுக்கு வயர் போட்டு ஏற்ற மனசில்லை. டெக்கிலிருந்து வர்ற எண்கள் அப்படியே கணினிக்குள் போகணும்.

கையில் இருக்கிற சாமான்: மினிடிஸ்க் டெக்கில் ஆப்டிகல் அவுட், டாட் டெக்கில் ஆர்சிஏ கோஆக்சியல் அவுட். கணினி பழைய கோர் 2 டுயோ, பிசிஐ ஸ்லாட் ரெண்டு, லினக்ஸ் மின்ட். அதில் சிஎம்ஐ8738 சிப் போட்ட விலை குறைந்த சவுண்ட் கார்டு. பின்பக்கம் மூணு அனலாக் ஜாக்குதான். ஆனா போர்டின் உள்பக்கம் "எஸ்பிடிஃப் இன்" (டிஜிட்டல் ஒலி உள்ளீடு) என்று அச்சடிச்ச இடத்தில் பின் ஹெட்டர் நிக்குது.

கேள்விகள்: அந்த ஹெட்டரில் ஆர்சிஏ சாக்கெட்டை நேராக வச்சுப் பத்தவைக்கலாமா? ஆப்டிகலுக்கு என்ன பார்ட் வேணும்? டிவிக்கு விக்கிற "ஆப்டிகல் டு ஆர்சிஏ" பெட்டியோ, சின்ன யுஎஸ்பி சவுண்ட் டாங்கிளோ வாங்கினா வேலை முடியுமா?

---

வண்ணார்பேட்டை_சால்டர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். டிவிக்கு விக்கிற அந்தப் பெட்டி வேண்டாம். அது டிஜிட்டலை அனலாக்காக மாத்திக் குடுக்கும், கணினி அதைத் திரும்ப டிஜிட்டலாக்கும். நீங்க தவிர்க்க நினைக்கிறது எதுவோ அதையேதான் அது செய்யுது. சின்ன யுஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது பெரும்பாலும் சிஎம்108 வகை சிப். அதில் மைக் உள்ளீடு மட்டும்தான், அதுவும் மோனோ. யுஎஸ்பியே வேணும்னா சிஎம்6206 சிப் போட்ட 5.1 பெட்டியைப் பாருங்க. பின்பக்கம் ஆப்டிகல் இன், அவுட் ரெண்டு துளையும் இருக்கான்னு பார்த்து வாங்கணும். அவுட் மட்டும் உள்ள பெட்டியும் கடையில் கலந்து கிடக்கும்.

ஆனா கையில் இருக்கிற கார்டே போதும். சிப்புக்குள்ள எஸ்பிடிஃப் வாங்குற பகுதி ஏற்கெனவே இருக்கு. செலவைக் குறைக்கத்தான் சாக்கெட்டை விட்டுட்டாங்க.

ஆப்டிகல் தான் சுலபம், அதிலிருந்து ஆரம்பிங்க. டாஸ்லிங்க் ரிசீவர் (ஆப்டிகல் கேபிளில் வர்ற ஒளியை மின் சிக்னலாக்குற பார்ட்) ஒண்ணு வேணும். டோஷிபா டிஓஆர்எக்ஸ்173 பழைய செட்டுகளில் நிறைய வரும், 5 வோல்ட்டில் ஓடும். பின்: 1 அவுட்புட், 2 கிரவுண்ட், 3 வோல்ட்டேஜ், 4 கிரவுண்ட். மீதி ரெண்டு பின் போர்டில் பிடிச்சு நிக்க மட்டும். 3-ஆம் பின்னுக்கு 5 வோல்ட்டை 47 மைக்ரோ ஹென்றி காயில் வழியாகக் குடுங்க. 3-க்கும் 2-க்கும் நடுவில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கபாசிட்டர், கால் நீளமில்லாம ஒட்டி வைக்கணும். காயில் கிடைக்கலைன்னா ஃபெரைட் மணி போடுங்க. 10 ஓம் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்காதீங்க. இந்த ரிசீவருக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 10 ஓமில் விழுற வோல்ட்டேஜ் அந்த எல்லைக்கே கொண்டுபோய் விட்டுடும்.

5 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ்ஸின் நாலு முனை மோலெக்ஸிலிருந்து எடுங்க: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மஞ்சள் 12 வோல்ட், தொட்டா ரிசீவர் போச்சு. 1-ஆம் பின்னிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியா கார்டின் ஹெட்டருக்கு. கிரவுண்ட் கிரவுண்டோட. வயர் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும், ரெண்டையும் முறுக்கி விடுங்க.

ஆக்கரில் ரிசீவர் தேடுறப்ப ஒரு எச்சரிக்கை. செத்துப்போன டிவிடி பிளேயரில் இருக்கிறது டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இல்லை. பார்க்க ரெண்டும் ஒரே கூடுதான். டிஓடிஎக்ஸ்173 டிரான்ஸ்மிட்டரில் 1 கிரவுண்ட், 2 வோல்ட்டேஜ். அதை ரிசீவர்னு நினைச்சு மாட்டினா வோல்ட்டேஜ் பின்னைக் கிரவுண்டில் கட்டினதா ஆயிடும். ரிசீவர் வேணும்னா ஹோம் தியேட்டர் ஆம்பிளிஃபயரின் "ஆப்டிகல் இன்" துளையிலிருந்து கழட்டுங்க. மேலே அச்சடிச்ச எண்ணைப் படிச்சு டேட்டாஷீட்டில் பின்னைச் சரிபார்த்த பிறகுதான் கரண்ட். ஒவ்வொரு கம்பெனியும் பின் வரிசையை மாத்தி வச்சிருக்கு.

ஹெட்டரில் எது சிக்னல், எது கிரவுண்ட்? கார்டைக் கழட்டி மீட்டரை பீப்பில் வச்சு ஒவ்வொரு பின்னையும் உலோக பிராக்கெட்டோட தொட்டுப் பாருங்க. சத்தம் வந்தது கிரவுண்ட். மூணாவது பின் இருந்தா அநேகமா 5 வோல்ட்டாக இருக்கும், பிசிஐ கனெக்டர் வரை டிராக் பிடிச்சு உறுதிப்படுத்துங்க.

---

வண்ணார்பேட்டை_சால்டர்:

கோஆக்சியல் தனியா எழுதுறேன், தப்பு நடக்கிறது இங்கதான்.

ஆர்சிஏ அவுட்டில் வர்றது 75 ஓமில் அரை வோல்ட் பீக் டு பீக். கார்டின் ஹெட்டர் சிடி டிரைவின் ரெண்டு பின் டிஜிட்டல் அவுட்டுக்காக வச்சது, அது டிடிஎல் அளவு, 5 வோல்ட் கணக்கு. சில கார்டுகள் அரை வோல்ட்டையும் நேரா வாங்கிக்கிடும், சிலது அசையவே அசையாது. நம்பி இருக்க வேண்டாம், 74எச்சியு04 ஐசி (ஆறு இன்வெர்ட்டர் கேட், அதாவது சிக்னலைத் தலைகீழாக்குற சர்க்யூட், உள்ளது) ஒண்ணு போட்டுடுங்க.

ஆர்சிஏ நடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 75 ஓம். கிடைக்கலைன்னா 150 ஓம் ரெண்டைப் பக்கம் பக்கமா. நடுமுனையிலிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட் வழியா ஐசியின் 1-ஆம் கால். 1-க்கும் 2-க்கும் குறுக்கே 22 கிலோ ஓம். இந்த ரெசிஸ்டர்தான் முதல் கேட்டை நடு வோல்ட்டேஜில் நிறுத்தி ஆம்பிளிஃபயரா வேலை வாங்குது. 2-ஐ 3-ஓட சேருங்க. 4-லிருந்து 100 ஓம் வழியா ஹெட்டருக்கு. 7 கிரவுண்ட், 14 ஐந்து வோல்ட், ரெண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோ ஃபாரட். சும்மா கிடக்கிற கேட்டுகளின் உள்ளீடு 5, 9, 11, 13 எல்லாத்தையும் கிரவுண்டில் கட்டுங்க. அந்தரத்தில் விட்டா அதுவே ஆடிக்கிட்டு இருக்கும்.

கடையில் "எச்சியு இல்லை, எச்சி04 இருக்கு, ரெண்டும் ஒரே பின்தான்" என்பாங்க. பின் ஒண்ணுதான், உள்ளே ஒண்ணில்லை. எச்சி04-இல் ஒவ்வொரு கேட்டுக்குள்ளேயும் மூணு படி இருக்கு. அதை நடு வோல்ட்டேஜில் நிறுத்தினா தானாவே அலைய ஆரம்பிக்கும். யு எழுத்து உள்ளது ஒரே படி, அதான் வேணும். இங்க கிடைக்கலைன்னா ரிச்சி தெருவிலிருந்து பார்சல் போடச் சொல்லுங்க. சிடி4069 5 வோல்ட்டில் இதுக்கு மந்தம். 48 கிலோ ஹெர்ட்ஸில் மிகக் குறுகின துடிப்பு 163 நானோ செகண்டுதான். அதே காரணத்தால பிசி817 மாதிரி சாதா ஆப்டோகப்ளரும் இங்க உதவாது.

ஆசிலோஸ்கோப் வேண்டாம், மீட்டர் போதும். சிக்னல் இல்லாம 2-ஆம் காலில் டிசி அளந்தா 2.5 வோல்ட் பக்கத்தில் நிக்கணும். டெக்கைக் கொடுத்துட்டு 4-ஆம் காலில் அளங்க, அங்கயும் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் காட்டணும். எஸ்பிடிஃப் பைஃபேஸ் மார்க் முறையில் வர்றதால உயர்வும் தாழ்வும் சராசரியில் சமம். 0-விலோ 5-லோ ஒட்டிக்கிட்டு நின்னா சிக்னல் தாண்டலைன்னு அர்த்தம். ஐசி லேசா சூடாகும், கவலைப்பட வேண்டாம். எத்தனை இன்வெர்ட்டர் தாண்டுது, தலைகீழா வருதான்னும் யோசிக்க வேண்டாம். இந்த முறையில் மாற்றம்தான் கணக்கு, திசை கணக்கில்லை.

---

தென்காசி_கோஆக்ஸ்:

வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்ன சர்க்யூட் சரி. எர்த் பத்தி நான் சேர்க்கிறேன், ஏன்னா நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் மூணாவது முனை பிளக்கில் மட்டும்தான் இருக்கும், சுவருக்குள்ளே வயர் இருக்காது.

எர்த் இல்லாத கணினியின் கேபினெட் எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கபாசிட்டர் வழியா 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் வச்சா மினுங்கும், கையில் சுருக்குன்னு இருக்கும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா எச்சியு04-இன் உள்ளீட்டைக் கொல்ல அது போதும். ஆர்சிஏ பிளக்கை சொருகும்போது வெளிவளையம் தொடுறதுக்கு முன்னாடி நடுமுனை தொட்டுடும். அந்த மிதக்கிற வோல்ட்டேஜ் முழுக்க நடுமுனை வழியாப் பாயும். "நேத்து வேலை செஞ்சுது, இன்னைக்குச் செத்துப்போச்சு" என்கிற புகாரில் பாதி இதுதான். அதனால ரெண்டு கருவியின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிட்டு, கோஆக்சியலைச் சொருகி, அப்புறம் கரண்ட் போடுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது.

நிரந்தரமா வைக்கணும்னா பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. புதுசா வாங்க வேண்டாம். பழைய 10/100 லேன் கார்டில் ஆர்ஜே45 பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டி இருக்கும், அதுக்குள்ள இருக்கிறது அதுதான். வாங்கும் பக்கத்துச் சுருள் 1:1, அதைப் பயன்படுத்துங்க. பழைய 10 மெகாபிட் கார்டுகளில் அனுப்பும் பக்கத்தின் சுற்று விகிதம் வேற இருக்கலாம், அதை விட்டுடுங்க. ஆர்சிஏயின் ரெண்டு முனையும் ஒரு சுருளுக்கு. அடுத்த சுருளின் ஒரு முனை கணினி கிரவுண்ட், மறுமுனை 0.1 மைக்ரோ ஃபாரடுக்கு. 75 ஓம் ரெசிஸ்டரை இந்த ரெண்டாவது சுருளின் குறுக்கே மாத்துங்க. ஆர்சிஏ சாக்கெட்டின் வெளிவளையம் கேபினெட்டைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் வாஷர் போடணும், இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பலனே போயிடும்.

கேபிள்: ஆடியோவுக்கு விக்கிற மெல்லிசு ஆர்சிஏ வயர் ஒரு மீட்டருக்கு ஓடலாம், அதுக்கு மேல நம்ப முடியாது. 75 ஓம் கோஆக்ஸ் போடுங்க. கேபிள் டிவிக்காரங்க தர்ற ஆர்ஜி-6-இல் மேல்வலை பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரியும், ரெண்டு நாளில் விட்டுடும். அதில் எஃப் கனெக்டரைத் திருகி, எஃப் டு ஆர்சிஏ அடாப்டர் மாட்டுறதே உருப்படி. பத்தவைக்கணும்னா செம்பு வலை உள்ள ஆர்ஜி-59 கேட்டு வாங்குங்க.

ஆப்டிகலுக்கு இந்தத் தொல்லை ஒண்ணும் கிடையாது. ஒளி மட்டும்தானே போகுது. கேபிளைச் சட்டுன்னு மடிக்காம, முனையில் தூசி இல்லாம வச்சாப் போதும். டெக்கை ஆன் பண்ணி கேபிளின் மறுமுனையைப் பார்த்தா சிவப்பு வெளிச்சம் தெரியணும்.

---

பேட்டை_மைக்செட்:

அண்ணாச்சிமாருக்கு ரொம்ப நன்றி. டிஓஆர்எக்ஸ்173 கிடைச்சு மாட்டியாச்சு. 1-ஆம் பின்னில் சிக்னலோட பாதி வோல்ட்டேஜ் காட்டுது. ஆனா ஆடாசிட்டியில் பதிவு பண்ணினா வெறும் கோடுதான். ஒரு தடவை மட்டும் சத்தம் வந்தது, கோப்பு 48000 என்று காட்டுது. மினிடிஸ்க் 44100 தானே?

---

பாளை_அலைவரிசை:

மினிடிஸ்க் எப்பவும் 44100 தான். உங்க கோப்பு 48000 என்று வந்தா நடுவில் லினக்ஸின் ஒலி சர்வரான பல்ஸ் ஆடியோவோ பைப்வயரோ புகுந்து மாத்தியிருக்கு. அந்தப் பதிவை வச்சுக்காதீங்க.

முதல்ல ஆல்சாமிக்சர் என்ற ஒலி அமைப்பு நிரலைத் திறந்து எஃப்6 அழுத்தி இந்தக் கார்டைத் தேர்ந்தெடுங்க. "ஐஇசி958" (இங்க எஸ்பிடிஃபுக்கு இதுதான் பேர்) என்று தொடங்குற சுவிட்சுகள் வரிசையா வரும். "இன் மானிட்டர்" ஆன் பண்ணுங்க. சிக்னல் சரின்னா உடனே ஸ்பீக்கரில் பாட்டு கேக்கும், பதிவு மென்பொருள் எதுவுமே தேவையில்லை. கேக்கலைன்னா "இன் செலக்ட்"டை மாத்திப் பாருங்க. அது உள் சிடி ஹெட்டருக்கும் வெளி உள்ளீட்டுக்கும் நடுவில் மாத்துற சுவிட்ச், வெறும் கோடு வர்றதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். "5வி" என்கிற சுவிட்சைப் பார்த்து உள்ளீட்டு அளவுன்னு நினைச்சுடாதீங்க. அது வெளியீட்டுக்கானது.

கேக்க ஆரம்பிச்சதும் மானிட்டரை அணைச்சுட்டுப் பதிவுக்கு வாங்க. இந்தச் சிப்புக்கு எஸ்பிடிஃப் மூணாவது பிசிஎம் கருவியில் இருக்கு. கார்டு எண் 0-ன்னா ஏரெக்கார்ட் என்ற பதிவு நிரலில் கருவியை "எச்டபிள்யு" 0,2 என்று குடுக்கணும். "டிஃபால்ட்" என்று விட்டா நடுவில் உள்ள சர்வர் வழியாப் போய் திரும்ப 48000 ஆகும். ரேட் 44100, 16 பிட், 2 சேனல். டாட் டேப் 48000-இல் பதிஞ்சிருந்தா நீங்களே 48000 போடணும், டெக்கின் திரையில் தெரியும். தப்பா ரேட் குடுத்தா சுருதி மாறிக் கேக்கும். இந்தக் கார்டு 44100, 48000 ரெண்டை மட்டும்தான் எடுக்கும். உங்க ஆறு டேப்பில் ஏதாவது 32 கிலோ ஹெர்ட்ஸ் எல்பி (நீண்ட நேர) முறையில் இருந்தா அதுக்கு வேற கருவி பார்க்கணும்.

ஏரெக்கார்ட் "ஓவர்ரன்" என்று எழுதினா அந்த இடத்தில் சாம்பிள் விழுந்துபோச்சுன்னு அர்த்தம். பஃபரைக் கூட்டுங்க, பதிவு ஓடும்போது பிரவுசரைத் திறக்காதீங்க.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டிக்குக் கொண்டுபோறப்ப, அது 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாத்தி, திரும்ப 16 பிட்டாக எழுதும்போது டிதர் என்ற மெல்லிய இரைச்சலைக் கலக்கும். விருப்பங்களில் தரம் என்ற பக்கத்தில் டிதரை "இல்லை" என்று வையுங்க.

பிட்டு மாறாம வருதான்னு சோதிக்க, ஆப்டிகல் அவுட் உள்ள சிடி அல்லது டிவிடி பிளேயரில் ஒரு ஆடியோ சிடியைப் போட்டு இதே வழியில் பதியுங்க. டிவிடி பிளேயர்னா டிஜிட்டல் அவுட் அமைப்பு பிசிஎம்மில் இருக்கணும், ஈக்வலைசர் அணைஞ்சிருக்கணும். அதே சிடியைக் கணினி டிரைவில் ரிப் பண்ணுங்க. ரெண்டையும் ஆடாசிட்டியில் ஒரு சாம்பிள் பிசகாம நேர்படுத்தி, ஒண்ணைத் தலைகீழாக்கி ரெண்டையும் கலங்க. முழுக்க பூஜ்யம் வந்தா பாதை சுத்தம். மெல்லிய இரைச்சல் ஒரே சீரா மிஞ்சினா வால்யூமோ டிதரோ எங்கேயோ கை வச்சிருக்கு. தொடக்கத்தில் பூஜ்யமா இருந்து ஓரிடத்துக்கு அப்புறம் பாட்டு கேக்க ஆரம்பிச்சா, அந்த இடத்தில் சாம்பிள் தவறியிருக்கு. எங்கயுமே பூஜ்யம் வரலைன்னா ரேட் மாற்றம் நடந்திருக்கு. 43 டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையை முடிச்சுடுங்க.

---

அம்பை_டெக்:

மினிடிஸ்க் பக்கம் மட்டும் சொல்றேன். ராத்திரி முழுக்க ஓடுற வில்லுப்பாட்டை நிறையப் பேர் மோனோ முறையில் பதிஞ்சிருப்பாங்க, 74 நிமிஷ டிஸ்க்கில் 148 நிமிஷம் பிடிக்கும் என்பதால. டெக் அதை ரெண்டு சேனலிலும் ஒரே மாதிரி வெளியே விடும். பதிஞ்ச பிறகு ஒரு சேனலை மட்டும் எடுத்து வச்சாப் போதும். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டிய அவசியமே இல்லை.

சில டிஸ்க் ஓடும், நேரம் நகரும், ஆனா சத்தம் வராது. டிராக் பேரில் "எல்பி:" என்று முன்னாடி இருந்தா அது எம்டிஎல்பி (மினிடிஸ்க்கின் நீண்ட நேர முறை) பதிவு. பழைய டெக்குகள் அதை நிசப்தமாத்தான் ஓட்டும். உங்க ரிசீவரையோ கார்டையோ சந்தேகப்பட்டு எதையும் கழட்டாதீங்க, எம்டிஎல்பி படிக்கிற டெக் வேணும். நகல் தடைக்கான எஸ்சிஎம்எஸ் குறி பத்தியும் பயம் வேண்டாம். அதை மதிக்கிறது இன்னொரு மினிடிஸ்க் அல்லது டாட் ரெக்கார்டர், இந்தக் கார்டு இல்லை.

இடம்: ஸ்டீரியோ 44100, 16 பிட்னா ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. ஒரு டிஸ்க் ஒரு கோப்பு என்று வச்சா வேவ் கோப்பின் 4 ஜிபி எல்லை வராது. முடிச்சதும் தரம் குறையாம சுருக்குற ஃப்ளாக் கோப்பாக மாத்துங்க, பிட்டு மாறாது. கோப்புப் பேரில் கதை, ஊர், கொடை நடந்த மாசம், டிஸ்க் உறையில் எழுதினபடியே போடுங்க. உறையை ஒரு படமும் எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்க.

---

பேட்டை_மைக்செட்:

பாளை அக்கா சொன்ன மாதிரி "இன் செலக்ட்"தான் தப்பா இருந்தது. 0,2 வழியா 44100-இல் பதிவாகுது. சிடி சோதனையில் மூணு பாட்டும் முழுக்க பூஜ்யம். எச்சியு04 பார்சல் வந்ததும் டாட் வேலையைத் தொடங்கப் போறேன். ரெண்டு டேப்பைப் போட்டா டெக்கின் திரையில் "எம்ஃபசிஸ்" என்று ஒரு குறி எரியுது. அது பதிவைப் பாதிக்குமா?

---

பாளை_அலைவரிசை:

பாதிக்கும். பதிஞ்சவங்க உச்ச அதிர்வெண்களைக் கூட்டிப் பதிஞ்சிருக்காங்க என்பதுதான் அந்தக் குறி. டெக்கின் அனலாக் அவுட் அதைக் குறைச்சுக் குடுக்கும், டிஜிட்டல் அவுட் குறைக்காம குறியை மட்டும் கூடவே அனுப்பும். வேவ் கோப்பில் அந்தக் குறியை வைக்க இடமில்லை. அப்படியே கேட்டா ஜால்ராவும் உடுக்கும் காதைக் கிழிக்கும்.

மூலப் பதிவை அப்படியே வச்சுக்கிட்டு, கோப்புப் பேரில் "எம்ஃபசிஸ் உண்டு" என்று எழுதிடுங்க. கேக்கிறதுக்கு ஒரு பிரதியை மட்டும் சாக்ஸ் நிரலில் "டீஎம்ஃப்" என்ற விளைவு வழியா ஓட்டுங்க. 50/15 மைக்ரோ செகண்ட் வளைவை அது சரியாத் திருப்பும். டேப் 44100-ஆக இருந்தா நேரா வேலை செய்யும். 48000-ன்னா உங்க சாக்ஸ் பதிப்பு அதை ஏத்துக்குதான்னு முதல்ல ஒரு நிமிஷத் துண்டை ஓட்டிப் பாருங்க, இல்லைன்னா பிழை சொல்லி நிக்கும். ஈக்வலைசரில் கையால குறைக்காதீங்க, வில்லின் மணிச்சத்தம் மழுங்கிப்போகும்.